சுண்ணாம்புக் கிணறும் நாவற்பழச் சாறும்

நாவற்பழச் சாறு இரண்டு தேக்கரண்டி. அதன்மேல் எங்கள் வளவுக் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் கிளாஸ் நிறைய ஊற்றினேன். கலக்கக் கலக்கச் சிவப்பு மங்கியது, பிறகு ஊதாவானது, கடைசியில் ஓரங்களில் நீலம் தட்டியது. பக்கத்தில் இன்னொரு கிளாஸ். அதே சாறு, அதே தண்ணீர், அதே அளவு. ஆனால் தண்ணீர் ஊற்றுமுன் அரைத் தேசிக்காயைப் பிழிந்து விட்டிருந்தேன். அது மாதுளை முத்தின் சிவப்பில் நின்றது. விடுமுறைக்கு வந்திருந்த மருமகள் இரண்டையும் சன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

“மாமா, ரெண்டும் ஒரே பழமோ?”

“ஒரே பழம்தான். ஒண்டில கிணறு வெண்டிட்டுது, மற்றதில தேசிக்காய் வெண்டிட்டுது.”

கோடைக்கு வீட்டில் ஒரு பழக்கலவைப் பானம் செய்வது எப்படி என்று அவள் கேட்டதில் தொடங்கிய வேலை இது. பழத்தை நசி, சீனி போடு, ஐஸ் போடு என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் பானம் கலக்குகிறவர் எவரும் தமக்குத் தெரியாமலே ஒரு பழைய வழக்கில் தலையிடுகிறார். ஒரு பக்கம் நம் காலடியில் கிடக்கும் சுண்ணாம்புக் கல். மறு பக்கம் பழத்தின் புளிப்பு. பானத்தின் நிறம், சுவை, கெடாமல் நிற்கும் காலம் எல்லாவற்றிலும் இந்த இரண்டின் இழுபறி இருக்கிறது.

முதலில் பழங்கள். மேலைநாட்டார் கோடைப் பானத்துக்கு ஸ்ட்ராபெர்ரி, ராஸ்ப்பெர்ரி, புளூபெர்ரி என்று தேடுவார்கள். நமக்கு நுவரெலியாவிலிருந்து ஸ்ட்ராபெர்ரி வந்தாலும், யாழ்ப்பாணம் வந்து சேரும்போது பாதி வாடிவிடும். அதற்காக நாம் ஏங்க வேண்டியதில்லை. தாவரவியலார் கணக்கில் ஸ்ட்ராபெர்ரி ஒரு பெர்ரியே அல்ல. பூவின் அடித்தளம் பருத்துச் சதையானதுதான் நாம் தின்பது. அதன் மேலே ஒட்டியிருக்கும் சிறு மணிகள்தான் உண்மையான கனிகள். ஒரு பூவின் சூலகம் முழுவதும் சதையாகி, கடின ஓடு இல்லாமல் வித்தைப் பொதிந்திருந்தால் அது பெர்ரி. அந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துபவை நம் நாவற்பழமும், வன்னியிலிருந்து வரும் பாலைப்பழமும், கொடி முந்திரிகையும். நெல்லிக்குள் ஒரு கல் இருப்பதால் அது அந்தக் கூட்டத்தில் சேராது. பாலைப்பழம் தித்திப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அதன் பால் உதட்டில் பசைபோல ஒட்டும், கிளாசிலும் ஒட்டும். அதைக் கையில் வைத்துத் தின்பதே நல்லது, பானத்துக்கு ஆகாது.

முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையை. (கஜுவுக்கு எங்கள் ஊரில் மரமுந்திரிகை என்று பெயர்.) செம்மண் தரைகளில் பந்தலிட்டு வளர்க்கும் இந்தக் கொடி குளிர்நாட்டுப் பிறவி. அங்கே பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் விழித்துப் பூக்கும். யாழ்ப்பாணத்தில் பனி ஏது? அதனால் தோட்டக்காரர் கத்தரிக்கோலால் ஒரு பனிக்காலத்தை உண்டாக்குகிறார். கொடியை வெட்டிவிட்டால் அது புதுத் தளிரோடு பூவையும் தள்ளும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை பழுக்கும். பெரும்பாலான பந்தல்களில் நிற்பது ‘இஸ்ரேல் புளூ’ என்ற கருநீல இனம். தோலின் நிறம் கடும் கருப்பு, உள்ளே சதை வெளிறியது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலிலும் அடர்ந்த நிறம் தோலில்தான். ஆக, பானத்தின் நிறத்தைச் சதையிலிருந்து அல்ல, தோலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த நிறத்துக்குப் பெயர் அந்தோசயனின். செவ்வரத்தம்பூவிலும் இருப்பது இதே குடும்பந்தான். பள்ளி ஆய்வுகூடத்தில் செவ்வரத்தம்பூச் சாற்றை அமிலத்தில் விட்டால் சிவப்பு, காரத்தில் விட்டால் பச்சை என்று பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். நிறம் மாறுவதன் காரணம் இதுதான்: அமிலம் மிகுந்த நீரில் ஐதரசன் அயன்கள் ஏராளம். அங்கே அந்தோசயனின் மூலக்கூறு நேரேற்றத்தோடு நிற்கும். அந்த வடிவம் நீல, பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பை வெளியே விடுகிறது. புளிப்புக் குறையக் குறைய அந்த ஏற்றம் போய்விடும். இடைநிலையில் நீர் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டிக்கொள்ள, நிறமே பெரும்பாலும் போய் வெளிறும். அதையும் தாண்டி நடுநிலைக்கு வந்தால் ஊதா, நீலம். காரம் இன்னும் ஏறினால் பச்சை, பிறகு மஞ்சள். அந்த மஞ்சளில் மூலக்கூறு உடைந்தேவிடும், திரும்பி வராது. ஆனால் நீலம் வரைக்கும் போனது திரும்பும். என் முதல் கிளாசில் தேசிக்காயைப் பிழிந்ததும் நீலம் சிவப்பானதை மருமகள் தன் கையாலேயே செய்து பார்த்தாள், மூன்று முறை.

இந்த மாற்றத்தை அறிவியல் கருவியாக்கியவர் ரொபேட் பொயில். 1664இல் வெளிவந்த, நிறங்கள் பற்றிய தம் நூலில், ஊதாப்பூச் சாற்றை எடுத்து ஒரு பொருள் அமிலமா காரமா என்று சோதிக்கும் வழியை எழுதினார். 1913இல் ஜெர்மானியரான ரிச்சார்ட் வில்ஸ்டேட்டர், வயலில் பூக்கும் ஒரு நீலப்பூவின் நிறமியும் சிவப்பு ரோசாவின் நிறமியும் ஒன்றே என்று கண்டார். பூவின் சாறு அமிலமா காரமா என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர் எண்ணினார். அந்த நீலப்பூவுக்குள் உலோக அயன்களும் சேர்ந்து நிறமியைப் பிடித்துவைத்திருக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. தாவர நிறமிகளை ஆராய்ந்ததற்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமிலத்தை அளக்க நாம் இன்று பயன்படுத்தும் பிஎச் அளவுகோலும் ஒரு பானத்தின் அருகில் பிறந்ததுதான். கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன் சோரன்சன் அதை 1909இல் வகுத்தார்.

நாவற்பழம் தின்ற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். பழத்துக்குள் சாறு சிவப்பாகத்தான் இருக்கும். நாக்கிலோ அது ஊதாவும் நீலமுமாக நிற்கும். உமிழ்நீர் ஏறத்தாழ நடுநிலையில் இருப்பது. அதை அந்த நிலையில் பிடித்துவைத்திருப்பது அதில் கரைந்திருக்கும் இருகாபனேற்று. பல்லைப் புளிப்பிலிருந்து காப்பதற்கு உடல் செய்திருக்கும் ஏற்பாடு அது. நம் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருப்பதும் அதே இருகாபனேற்றுத்தான். நாக்கும் கிணறும் நாவற்பழத்துக்கு ஒரே நீலத்தைக் கொடுப்பது அதனால்தான்.

அது கிணற்றுக்குள் எப்படி வந்தது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல். ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் சிப்பிகளும் பவளங்களும் நுண்ணுயிர்களும் விட்டுச்சென்ற கூடுகள் இறுகி ஆன கல். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்தது இந்தக் கல்லை நம்பித்தான். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத எங்கள் மண்ணுக்கு மாரி மழை மட்டுமே வரவு. அந்த மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக விடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்கிறது. அப்படி மெல்லிய அமிலமாகி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லை அரிக்கிறது. கல்சியங் காபனேற்று தண்ணீரில் கரையாது. ஆனால் காபனீரொட்சைட்டும் கூட இருந்தால் கல்சியம் இருகாபனேற்றாகிக் கரையும். கோடிக்கணக்கான மழைகள் இப்படி அரித்தெடுத்த பிளவுகளும் குகைகளும்தான் எங்கள் நீர்த்தொட்டி. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கடல்நீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்கும் அந்தக் குகை வாய் திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

கரைந்த கல்லைக் கண்ணால் பார்க்க விரும்பினால் குசினிக்குப் போங்கள். தினமும் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதில் ஒரு சிறு செதிளை நகத்தால் பெயர்த்து ஒரு பீங்கான் தட்டில் வையுங்கள். அதன் மேல் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு. குனிந்து பாருங்கள், முடிந்தால் காதையும் அருகில் வையுங்கள். செதிளின் ஓரமெங்கும் ஊசிமுனைக் குமிழ்கள் கிளம்பும். சிறிது நேரத்தில் செதிள் நகர ஆரம்பிக்கும். அடியில் பிறக்கும் வாயு அதைத் தள்ளுகிறது. தண்ணீர் கொதித்தபோது இருகாபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டு பறந்துபோக, மிச்சம் கல்லாகத் திரும்பியது. இப்போது சித்திரிக்கமிலம் அந்தக் கல்லை மீண்டும் கரைக்கிறது. மழை நூற்றாண்டுகளாகச் செய்வதைத் தேசிக்காய் ஒரு நிமிடத்தில் செய்து காட்டுகிறது.

இது பானத்தில் எவ்வளவு பெரிய விடயம் என்று கணக்குப் பார்ப்போம். லீற்றருக்கு 300 மில்லிகிராம் அளவு காபனேற்று வன்மையுள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேசிக்காயில் 20 மில்லிலீற்றர் சாறு, அதில் 1.2 கிராம் அளவு சித்திரிக்கமிலம். அந்த ஒரு லீற்றர் தண்ணீரிலுள்ள காரத்தைச் சரிக்கட்டுவதற்கு மட்டுமே குறைந்தது அந்தத் தேசிக்காயின் மூன்றில் ஒரு பங்கு செலவாகும். உங்கள் நாக்கை எட்டுவது மீதிதான். கொழும்பிலிருந்து வருகிற உறவினர், “இங்க தேசிக்காய்க்குப் புளிப்புக் காணாது” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தேசிக்காயில் குறை இல்லை. சாறு நிறைய விட்டுக் கலக்கும் பானத்தில் நிறம் என் சோதனைக் கிளாசைப்போல நீலமாகிவிடாது. ஆனால் சிவப்பு சற்று அழுக்கேறினாற்போல் தெரியும், சுவை தட்டையாகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் மெல்ல வார்த்தெடுத்தால் அந்த வன்மையில் பெரும் பகுதி கேத்தலின் அடியில் தங்கிவிடும். உவர்த்தன்மை இதனால் போகாது. கரையோரக் கிணறுகளில் உள்ளவர்கள் பானத்துக்கு நல்லதண்ணி அள்ளிவருவதே வழி.

சுண்ணாம்பைப் பகையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தின் மிகப் பழைய கோடைப் பானமே சுண்ணாம்பால்தான் உயிர் தரிக்கிறது. பனையின் பாளையைச் சீவி முட்டி கட்டினால் சொட்டுவது பத்தில் ஒரு பங்குக்குமேல் சர்க்கரை கொண்ட தெளிந்த நீர். காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் குடியிருக்கும் மதுவங்களும் பக்ரீரியாக்களும் சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடும். விடியுமுன் அது நுரைத்துக் கள்ளாகும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிவிட்டாலோ அது கருப்பநீர். தமிழகத்தார் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு நீரைக் காரமாக்குகிறது. மதுவத்துக்கு அந்தச் சூழல் பிடிக்காது. இன்னொன்றும் நடக்கிறது. அமிலத்தில் சுக்குரோசு குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடையும், உடைந்த சர்க்கரை இறுகிக் கட்டியாகாது. காரத்தில் சுக்குரோசு உடையாமல் நிற்கும். பிறகு காய்ச்சினால் பனங்கட்டி இறுகுவதற்கு அது வேண்டும். ஒரே கைப்பிடிச் சுண்ணாம்பில் இரண்டு வேதியியல். பனை ஏறுகிறவர்களின் கைக்கணக்கில் எத்தனை தலைமுறை அறிவு இருக்கிறது என்பதை நாம் இன்னும் சரியாக மதிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கருப்பநீரில் மாங்காயைச் சீவிப் போட்டுக் குடிப்பது வழக்கம். பிளாவை ஏந்திக் குடித்தவர்களுக்கு அந்தச் சுவை நினைவிருக்கும்: முதலில் தித்திப்பு, நடுவில் சுண்ணாம்பின் மெல்லிய கரகரப்பு, பிறகு மாங்காய். மாங்காயின் புளிப்பு மிஞ்சிய சுண்ணாம்பைச் சரிக்கட்டுகிறது, தித்திப்புக்கு ஒரு முனை கொடுக்கிறது. காரத்தைக் கொண்டு காப்பாற்றி, குடிக்கும் நேரத்தில் அமிலத்தைக் கொண்டு சுவையாக்கும் இந்த முறையைவிட நுணுக்கமான கலவை எந்த நாட்டு மதுக்கூடத்திலும் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

நெல்லி வேறு வழி. அதைக் காப்பது அதன் சொந்தப் புளிப்பும், நாம் சேர்க்கும் சீனியும். செறிந்த சீனிப் பாகில் நுண்ணுயிரின் உடலிலிருந்தே தண்ணீர் வெளியே இழுபட்டுவிடும். அது பெருக முடியாது. யாழ்ப்பாணத்துக்கு வந்து போகிறவர்கள் பையில் நெல்லிரசப் போத்தல் இல்லாமல் திரும்புவது அரிது. தோலகட்டியில் செபமாலைதாசர் ஆச்சிரமத்துத் துறவிகள் செய்யும் நெல்லிரசத்துக்கும் முந்திரிகை ரசத்துக்கும் ஒரு தனிப் பெயர் உண்டு. தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய சபை அது; செபமும் மௌனமும் உழைப்பும் அவர்களுடைய வாழ்வு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தபோது அந்தத் துறவிகளும் பெயர்ந்தார்கள். அதன் பின்னும் ரசம் தொடர்ந்தது. மின்சாரம் இல்லாமல் கிடந்த அந்த ஆண்டுகளில் குளிர்சாதனப்பெட்டி கேட்காத பானம் எதுவோ அதுதான் வீடுகளில் நின்றது. நெல்லிரசம் அப்படிப்பட்டது.

நெல்லியின் வலிமை அதன் விற்றமின் சி மட்டுமல்ல, தனின் என்ற துவர்ப்புப் பொருளும். துவர்ப்பு உண்மையில் ஒரு சுவை அல்ல, தொடுகை. தனின், உமிழ்நீரில் வழுவழுப்பைத் தரும் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. நாக்கும் கன்னமும் உரசிக்கொள்வதையே நாம் துவர்ப்பு என்று உணர்கிறோம். நாவலிலும் இது உண்டு. சிரட்டையில் நாவற்பழத்தையும் உப்பையும் போட்டு மூடிக் குலுக்கித் தின்கிறோமே, அந்த உப்பு கைப்பை அடக்கும். குலுக்கும்போது தோல் கன்றி சாறும் கசியும். பானத்திலும் ஒரு சிட்டிகை உப்பு வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நெல்லியைப் பழைய இரும்புக் கத்தியால் வெட்டாதீர்கள். வெட்டுவாயில் கருநீலம் ஏறும். தனினும் இரும்பும் சேர்ந்தால் அது மை. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதிய மை இந்தச் சேர்க்கைதான். அதேபோல், பித்தளை மூக்குப்பேணி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெள்ளீயம் பூசாததில் புளிப்புப் பானத்தை ஊற்றிவைக்கக் கூடாது. அமிலம் செம்பைக் கரைக்கும். கரைந்த செம்பு வயிற்றுக்கும் கேடு, விற்றமின் சியையும் விரைவாக அழிக்கும். மூக்குப்பேணி தண்ணீருக்கு இருக்கட்டும்.

இனிப் பானம். அரைக் கிலோ நாவற்பழத்தைக் கழுவி, கையால் நசித்து வித்தை நீக்குங்கள். மிக்ஸியில் வித்தோடு அரைத்தால் கைப்பு இறங்கிவிடும். அதோடு கால் கிலோ கறுப்பு முந்திரிகையை நசித்துச் சேருங்கள். நேரம் இருந்தால் பழங்களை முதல்நாள் இரவு உறைபெட்டியில் போட்டு உறையவைத்து இளகவிடுங்கள். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் கலச்சுவரைக் கிழித்துவிடும். தோலிலுள்ள நிறம் தானாக வழியும். 150 கிராம் சீனி போட்டு மெல்லிய நெருப்பில் வையுங்கள். கொதிக்கக் கூடாது. ஆவி எழும்பி, விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் பத்து நிமிடம் அந்த நிலையில் பிடித்திருங்கள். சாற்றைப் பழுப்பாக்கும் நொதியங்கள் அந்தச் சூட்டில் அடங்கும், நிறமி தோலை விட்டு இறங்கும். அதிகம் காய்ச்சினால் நிறமியே சிதையும். இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்து, ஆறியதும் குளிரில் வையுங்கள்.

சீனிக்குப் பதில் பனங்கட்டி போடலாமா என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. பனங்கட்டி சுண்ணாம்பு முட்டியிலிருந்து வந்தது. அதன் எச்சமும் மற்ற உப்புகளும் சாற்றின் புளிப்பைத் தின்னும், அதன் பழுப்பு சிவப்பை மூடும். சுவை ஆழமாக இருக்கும், நிறம் போகும். நெல்லியோடு பனங்கட்டி நன்றாக ஒட்டும். நாவலுக்குச் சீனியே சரி.

நெல்லிச் சாற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாவற்சாற்றோடு ஒரே போத்தலில் கலந்து வைத்தால் சில நாளில் சிவப்பு வெளிறத் தொடங்கும். விற்றமின் சி ஒட்சியேற்றம் அடையும்போது அந்தோசயனினையும் சேர்த்துக் கெடுக்கிறது. இரண்டும் தனித்தனியே நல்லவை, நீண்ட நாள் ஒரே கூரையின் கீழ் ஒத்துவராதவை. குடிக்கும் நேரத்தில் ஒரு மேசைக்கரண்டி நெல்லிச்சாறு போதும். கிளாசில் முதலில் பழச்சாறு கால் பங்கு, அதன் மேல் அரைத் தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, நெல்லிச்சாறு. பிறகுதான் தண்ணீரும் ஐசும். கசகசா விருப்பமானவர்கள் அதைத் தனித்தண்ணீரில் முன்பே ஊறவைத்துப் போடுங்கள். எங்கள் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது திருநீற்றுப்பச்சை இனத்து விதை, இனிப்புப் பாகுக்குள் நேரே போட்டால் சரியாக ஊதாது.

ஐசுக்கும் ஒரு கணக்கு உண்டு. 28 பாகையில் இருக்கும் 250 மில்லிலீற்றர் பானத்தை 6 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 23,000 ஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூலை விழுங்கும், உருகிய நீர் 6 பாகைக்கு ஏற இன்னும் கொஞ்சம் விழுங்கும். ஆக 60, 65 கிராம் ஐஸ் உருகியே ஆக வேண்டும். அது பானத்தின் கால் பங்குத் தண்ணீர். ஆகவே தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்து ஊற்றுங்கள். குளிர்ந்த நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும் என்பதால், ஐஸ் போடுமுன் சற்றுக் கூடுதல் இனிப்பாகத் தோன்றினால்தான் குடிக்கும்போது சரியாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரை அப்படியே உறையவைத்த ஐஸ் உருகியதும் கிளாசின் அடியில் வெள்ளைத் துகள் தங்கும். தண்ணீர் உறையும்போது கரைந்த கல்லை வெளியே தள்ளுகிறது. ஐசுக்கும் கொதித்தாறிய தண்ணீரே நல்லது.

இதில் சாராயம் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சேர்த்தால் அது வேறு பானம். எதனோல் பழ வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சில வேளை வெளியே விடாது. இந்தக் கலவைக்கு அது தேவைப்படவில்லை என்பது என் நாக்கின் முடிவு. வீட்டிலேயே புளிக்கவைத்து மது செய்யும் எண்ணம் வேண்டாம்; இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அது குற்றம், 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் விரும்பாவிட்டாலும் மதுவம் தானாக வரும். முந்திரிகைத் தோலில் அது குடியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் காய்ச்சாத நாவல், முந்திரிகைச் சாற்றைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, மூடியை இறுக்கி, குசினி மேசையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மூன்றாம் நாள் இரவு அது வெடித்தது. பகலில் என் அம்மா அரிவாளோடு உட்காரும் இடம் அது. பகலில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஒரு லீற்றர் சாற்றில் 150 கிராம் சர்க்கரை இருந்து அது முழுவதும் நொதித்தால் 40 லீற்றருக்குமேல் காபனீரொட்சைட்டு பிறக்கும். பத்தில் ஒரு பங்கு நொதித்தாலே நான்கு லீற்றர் வாயு போத்தலுக்குள் அடைபட்டு நிற்கும். காய்ச்சாத சாற்றைக் குளிரில் வையுங்கள், இரண்டு நாளில் முடியுங்கள், வெளியே வைக்க நேர்ந்தால் மூடியை இறுக்காதீர்கள். அன்று இரவு விளக்கோடு போய்ப் பார்த்தபோது மேசை விரிப்பில் கறை சிவப்பாகவே இருந்தது. அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்த சுவரில் பட்ட துளிகள் மட்டும் பச்சையும் நீலமுமாக வழிந்திருந்தன.

மருமகள் தன் கிளாசைக் குடித்து முடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். வாளித் தண்ணீரை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அடியில் ஒட்டியிருந்த சிவப்பு நீலமாகி மிதந்தது.

“மாமா, மிச்சத் தேசிக்காய் எங்க?”

மேசையில் கிடந்த பாதியை எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் கிணற்றடிக்கு ஓடினாள்.